கூரை இல்லாத இடத்தில் ஒட்டகச்சிவிங்கி

நெட்டை என்கிற பெயரை நான் முதலில் கேட்டது என் அக்காவின் கல்யாணத்தில், படம் எடுக்க வந்தவர் வாயிலிருந்து. இரண்டு வீட்டு ஆட்களையும் வரிசையாக நிறுத்திவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் மறுபடி வெளியே எடுத்து, "அந்த நெட்டையப் பின்னாடி அனுப்புங்கப்பா, மாப்பிள்ளையே மறைஞ்சு போறாரு" என்று சத்தம் போட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையின் தங்கை பின்வரிசைக்குப் போனாள். பின்வரிசைக்காரர்களுக்குப் பெஞ்சு போட்டிருந்தது. அவளுக்கு மட்டும் பெஞ்சு வேண்டியிருக்கவில்லை. அப்படியும் தலை தனியாக மேலே நின்றது. படக்காரர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அவளாகவே முழங்காலை மடக்கிக்கொண்டாள். என்னைப் பெஞ்சில் ஏற்றி அவள் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். படம் எடுத்து முடியும்வரை அவள் தொடை நடுங்கியதை நான் பார்த்தேன். படத்தில் அது தெரியாது. படத்தில் அவளும் எல்லாரையும் போலத்தான் இருக்கிறாள்.

அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் கொடுக்கிறவர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் மட்டும் அதைச் சொல்வார்கள். மற்ற எல்லாருக்கும் அவள் நெட்டைதான். எனக்கும் அப்படித்தான். என்னை அவள் சின்னவளே என்று கூப்பிடுவாள், இந்த வயதிலும்.

அவர்கள் குடும்பத்தில் வேறு யாரும் அந்த உயரம் இல்லை. என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், நடுத்தரம். அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் குள்ளம். அப்பாவைப் பெற்றவளுக்கு ஒரு தம்பி இருந்தாராம், எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் குனிந்துதான் நுழைவாராம். யாரிடமும் தங்காமல் அத்தனை பேரையும் தாண்டி வந்து இந்தப் பெண்ணின் தலையில் இறங்கிய உயரம் அது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் உட்கார்ந்திருக்கும்வரை பிடித்திருக்கும். எழுந்து நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறும். ஒருத்தர், "பொண்ணோட சேத்து ஏணியும் குடுப்பீங்களா?" என்று கேட்டே விட்டார். அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் போய் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர், ஒட்டகச்சிவிங்கி. ஒருமுறை வகுப்போடு மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே கொட்டகைக்குள் ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்றது. பிள்ளைகள், "உங்க அக்கா நிக்கிறா பாரு, உங்க அக்கா நிக்கிறா பாரு" என்று இவளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். தகரக் கூரை தாழ்வாக இருந்ததால் அது கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தபடியே நின்றதாம். இவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம், "அதுவும் குனிஞ்சுதாம்மா நிக்குது" என்று மட்டும் சொன்னாளாம். இதை என் அக்காவுக்குச் சொன்னது அவள் மாமியார். அக்கா சொல்லி எனக்குத் தெரியும்.

அத்தான் ஓட்டலுக்குச் சாமான் ஏற்றும் வண்டி ஓட்டினார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை, மாமனார் மாமியாரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். எங்கள் அப்பா போய் அக்காவை, "வந்துடும்மா நம்ம வீட்டுக்கு" என்று கூப்பிட்டார். அக்கா கதவோரம் நின்ற நாத்தனாரைக் காட்டி, "நான் வந்துட்டா இந்தக் கம்பத்துக்கு யாரு சோறு போடுவா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அண்ணியும் நாத்தனாரும் ஒரு வீட்டில் இருந்தால் பாம்பும் கீரியும்தான், ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொன்ன உறவுக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாவி செய்கிற கடைக்கு மேலே இரண்டு அறையில், தலை இடிக்கிற கதவுக்குள், அவர்கள் இரண்டு பேரும் கடைசிவரை ஒன்றாகவே இருந்தார்கள்.

நெட்டை ஏற்கெனவே ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அக்காவையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். நான் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். ஆவி, இரைச்சல், சோடாத்தூள் வாடை. பெரிய உருளைக்குள் ஈரமாகப் போகிற படுக்கை விரிப்பு மறுபக்கம் சுடச்சுட, அப்பளம் மாதிரி வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். எங்கள் அக்காவோ குட்டை. அந்த ஜோடியைப் பார்த்து மேஸ்திரி, "ஒட்டடைக் குச்சியும் வாளியும் வந்தாச்சு" என்பாராம். ஆனால் அந்தக் கூடத்தில் அவர்கள் அளவுக்கு மடிக்கிறவர்கள் யாரும் கிடையாது.

விரிப்பின் தலைமாட்டில் தையல் அகலமாக இருக்கும், கால்மாட்டில் ஒடுக்கமாக இருக்கும். அகலத் தையல் பிடித்தவள் நடந்து வர வேண்டும். ஒடுக்கத் தையல் பிடித்தவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் நடந்தால் துணி நடுவில் தொய்ந்து தரையைத் தொடும். தொட்டால் போச்சு, மறுபடி தண்ணீர், மறுபடி உருளை. அந்த இரைச்சலில் வாயால் சொல்லிக் காரியம் ஆகாது என்பதால் இந்த முறை. அகலத் தையல் எப்போதும் அக்கா கையில். அவள் நடப்பாள், நெட்டை நிற்பாள். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசுவது, சண்டை போடுவது, சமாதானம் போவது எல்லாம் அக்கா. நெட்டை பின்னால் நின்று கையை நீட்டுவாள்.

வேலையை விட்டு நிற்கிற வயது நெருங்கும்போது நெட்டை தள்ளுவண்டிகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அக்கா திட்டினாள். ஒருநாள் மடிக்கும்போது விரிப்பின் ஓரம் நெட்டையின் கைக்குப் பக்கத்திலேயே வந்தும் அவள் பிடிக்கவில்லை. துணி தரையில் விழுந்தது. அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அக்கா திட்டவில்லை. மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். நானும் போனேன்.

டாக்டர் நல்ல மனிதர்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்திலிருந்து பார்வை தேய்ந்துகொண்டு வருகிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் மீதி கொஞ்சம் மெதுவாகப் போகும் என்றார். பிறகு நெட்டையைப் பார்த்து, "எதையாவது பாக்கணும்னு ஆசை இருந்தா தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார்.

படி இறங்கும்போது அக்கா பொரிந்தாள். "படிச்சவன் பேசுற பேச்சா இது? வாயில நல்ல வார்த்தையே வராதா அவனுக்கு? நாம வேற டாக்டரப் பாப்போம்."

வேறு இரண்டு பேரைப் பார்த்தார்கள். வேறு சொட்டு மருந்து கிடைத்தது. பேச்சு மட்டும் அதேதான்.

அந்த வாரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ரொட்டியும் டீயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தனக்கு இது வேண்டும் என்று வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கேட்காத நெட்டை, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, எனக்கு ஒட்டகச்சிவிங்கி பாக்கணும்."

அக்கா சிரித்துவிட்டாள். "கண்ணாடி வாங்கித் தரேன், உன்னையே பாத்துக்கோ."

"நிஜமாத்தான் அண்ணி."

"அதான் சின்ன வயசுல பாத்தியே. மிருகக்காட்சி சாலை இன்னும் அங்கதான இருக்கு? ஞாயித்துக்கிழமை போவோம்."

"அங்க வேணாம். அங்க கூரை இருக்கு. அது நிமிந்து நிக்கிறதப் பாக்கணும்."

நான்தான், "அப்படின்னா ஆப்பிரிக்காவுக்குப் போகணும்டி" என்றேன், விளையாட்டாக. நெட்டை தலையை ஆட்டினாள். "டிராவல்ஸ் ஆபீஸ்ல படம் ஒட்டியிருக்கான். தினமும் பாத்துக்கிட்டேதான் வரேன்."

அந்த ஆபீஸ் ஓட்டலுக்கு எதிர்ச் சாரியில் இருந்தது. மூன்று பேரும் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு இளம்பெண். மரியாதையான பெண். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் படங்களை விரித்தாள். வழிகாட்டியோடு கூட்டிப் போகிற பயணம், முதலில் கடற்கரை நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது, பிறகு காட்டில் மேலே திறக்கிற வண்டியில் மிருகங்களைப் பார்ப்பது, கூட வருகிற வழிகாட்டி நம் பேச்சுப் பேசுவார் என்று எல்லாம் பொறுமையாகச் சொன்னாள்.

அக்கா விசாரணையை ஆரம்பித்தாள். "சிங்கம் வந்தா உங்க கைடு முதல்ல ஓடுவாரா, நாங்க முதல்ல ஓடணுமா?"

"யாரும் ஓட வேண்டாம்மா. வண்டியை விட்டு இறங்கவே கூடாது."

"நாங்க இறங்க மாட்டோம். அது ஏறிடுச்சுன்னா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுவரைக்கும் ஏறினதில்லம்மா" என்றாள்.

"இதுவரைக்கும் நான் வந்ததில்லையே."

அக்காவுக்குக் காடு வேண்டாம், நகரம் மட்டும் போதும். நெட்டைக்கு நகரம் வேண்டாம், காடு மட்டும் போதும். பிரித்துத் தர முடியாது, இரண்டும் சேர்ந்துதான் வரும் என்றாள் அந்தப் பெண். "உங்களை மாதிரியே" என்று அவள் சொன்னதும் அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிறகு அவள் ஒரு விஷயம் சொன்னாள். மழையில்லாத மாதங்களில் போனால்தான் நல்லது, புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், மிருகங்கள் தண்ணீர் தேடி வெளியே வரும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு இந்த மாதத்துக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

நெட்டை அக்காவைப் பார்த்தாள். அக்கா படத்தைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றோம்மா" என்று எழுந்தாள்.

அந்த யோசனை முடியவே இல்லை. ஒருநாள் ஆகாயவிமானம் பயம் என்றாள். ஒருநாள் முழங்கால் வலி என்றாள். ஓட்டலில் கூட்டம், இப்போது லீவு கேட்டால் மேஸ்திரி முகம் சுளிப்பார் என்றாள். எந்த முகச்சுளிப்புக்கும் பயந்தவள் இல்லை அவள். கடைசியாக என்னால் பொறுக்க முடியவில்லை. நெட்டை குளிக்கப் போன நேரம் பார்த்துச் சண்டைக்குப் போனேன்.

"உனக்கு என்னதான் பிரச்சினை? அவ கேட்டது இது ஒண்ணுதான். கண்ணு இருக்கும்போது கூட்டிட்டுப் போக வேண்டாமா?"

"இருக்கும்போதுன்னு சொல்லாதடி" என்று பாய்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப அவசரமா டிக்கெட் எடுத்தா என்ன அர்த்தம்? இவ கண்ணு போகப்போகுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? மருந்து போடுறோம். நிக்கும். அடுத்த வருஷம் நிதானமாப் போவோம். நான் அதைத்தான் நம்பிக்கிட்டிருக்கேன். நீ வந்து கலைக்காத."

நெட்டையிடம் போனேன். "நீயாவது வாயத் திறந்து போகலாம்னு அடிச்சுச் சொல்லேன்" என்றேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "அண்ணி நடக்கட்டும் சின்னவளே, நான் நிக்கிறேன்" என்றாள்.

இப்படி ஒருத்தி நடக்காமல், ஒருத்தி நின்றுகொண்டே, அந்த வருடத்துக் காய்ந்த மாதங்கள் போயின. ஆபீஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்த படம் வெயிலில் வெளுத்தது. வேறு படம் ஒட்டினார்கள். கடலும் தென்னையுமாக எங்கேயோ ஒரு தீவு.

கண் போவதை மருந்து நிறுத்தியதா? நிறுத்தவில்லை. சாவிக் கடைப் படியில் அவள் கையால் தடவி இறங்க ஆரம்பித்தாள். வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் இரண்டு பேரும். ஒருத்தி இல்லாமல் மற்றவள் யாரோடு மடிப்பது? ஒருநாள் காலையில் நெட்டை அக்காவுக்கு டீ ஊற்றினாள். டம்ளருக்குப் பக்கத்தில், மேசையின் மேல், நிதானமாக ஊற்றினாள். ஊற்றிவிட்டு, "சூடா குடிங்க அண்ணி" என்றாள். அக்கா மேசையைத் துடைக்கவில்லை. "குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனாள். அந்த இளம்பெண் இன்னும் அங்கேதான் இருந்தாள்.

"நாங்க போறோம். ரெண்டு பேரு. வண்டியில அவளுக்கு நல்ல எடமா வேணும்."

"யோசிச்சுட்டீங்களாம்மா?" என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறாள். என் அக்கா, யார் முன்னாலும் கண்ணீர் விடாதவள், அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். இதை அந்தப் பெண்ணே பிறகு எனக்குச் சொன்னாள்.

நான் அவர்களோடு போகவில்லை. போனதை எல்லாம் அக்கா வந்து எனக்குப் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். நகரத்தில் அவர்களைத் திறந்த மாடி பஸ்ஸில் ஏற்றித் துறைமுகம், சந்தை, கண்ணாடிக் கட்டடம் எல்லாம் காட்டினார்களாம். அக்கா நெட்டையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதிலேயே சொல்லிக்கொண்டு வந்தாளாம், "இப்ப வலது பக்கம் கடல். இப்ப ஒரு பொம்பள தலையில கூடை. கூடை இல்ல, மெத்தை. அம்மாடி, மெத்தையடி!" தங்கின ஓட்டலில் இரண்டு பேரும் முதல் வேலையாகப் படுக்கை விரிப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். நெட்டை விரலால் மடிப்பைத் தடவி, "மூலை ஒழுங்கா மடிக்கல அண்ணி" என்றாள். மறுநாள் காலையில் அறை சுத்தம் செய்ய வந்த பெண், கட்டில் விரிப்பு இரண்டும் அவள் மடித்ததைவிட அழகாக மடித்திருப்பதைப் பார்த்து, தப்பான அறைக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போய்விட்டாளாம். இதைச் சொல்லும்போது அக்கா அவள் மாதிரியே நடித்துக் காட்டுவாள்.

பிறகு காடு. முதல் நாள் மான் கூட்டம், பன்றி, தூரத்தில் யானை. வழிகாட்டி ஒரு வயதான ஆள். எந்த மிருகம் வந்தாலும் நெட்டை பக்கம் திரும்பி, "இது உங்க மிருகம் இல்லம்மா, பொறுங்க" என்பாராம். மறுநாள் அந்தி சாயும் நேரம். வண்டி நின்றது. முள்மரத்துக்குப் பக்கத்தில் மூன்று ஒட்டகச்சிவிங்கி. ஒன்று மிக அருகில். வண்டியின் மேல்மூடியைத் தூக்கி எல்லாரும் எழுந்து நின்றார்கள். நெட்டை எழுந்தாள். எழுந்தவள் பழக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு பாதியில் நின்றாள். பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கும் என்று.

வழிகாட்டி பார்த்துவிட்டார். "நிமிந்து நில்லுங்கம்மா. இங்க கூரை இல்ல" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "என் கல்யாணத்துலருந்து அவளைப் பாக்குறேன்டி" என்று அக்கா சொல்வாள். "அவ முழு உயரத்த நான் அன்னிக்குத்தான் பாத்தேன்." அக்கா அவள் முகவாயைப் பிடித்து, இலையைக் கடித்துக்கொண்டிருந்த அந்த மிருகத்தின் பக்கம் திருப்பினாள்.

"பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. அம்மாடி. எவ்வளவு ஒசரம்!"

அதோடு அக்காவின் மனதிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு சாவிக் கடைக்காரரிலிருந்து பால்காரர்வரை எல்லாருக்கும் சொன்னாள். "தள்ளிப் போட்டேன்தான். ஆனா நேரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டேன்ல?" நெட்டை பக்கத்தில் உட்கார்ந்து, "கழுத்துல கட்டம் கட்டமா இருக்கும், ஒரு கட்டம் மாதிரி இன்னொண்ணு இருக்காது. நாக்கு கறுப்பு" என்று எடுத்துக் கொடுப்பாள். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

நானும் வாயைப் பிளந்தவள்தான். ஒருநாள் மதியம் அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் நெட்டைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "அது உன்னைத் திரும்பிப் பாத்துச்சாடி?" என்று சும்மா கேட்டேன். அவள் படிக்கட்டில் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். வரவில்லை.

"எனக்குத் தெரியல சின்னவளே."

"எது தெரியல?"

"எதுவுமே தெரியல. சலவைக்கூடத்து ஆவி மாதிரி இருந்துச்சு. பச்சையா கொஞ்சம், பழுப்பா கொஞ்சம். அதுல எது மரம், எது அதுன்னு தெரியல. எல கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கழுத்து, நாக்கு எல்லாம் அந்தக் கைடு பக்கத்துல இருந்த ஆளுக்குச் சொன்னாரு. நான் கேட்டு வச்சுக்கிட்டேன்."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. "அப்புறம் ஏன்டி பாத்தேன்னு சொன்ன?"

"அண்ணி அவ்வளவு தூரம் நடந்து வந்துட்டாங்களே. நான் கைய நீட்டி வாங்கலைன்னா தரையில விழுந்துடாதா?"

நான் அவள் தலையைப் பின்னி முடித்தேன். வேறு என்ன செய்ய? ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் அவள் பார்த்திருப்பாள். டாக்டர் சொன்னார், ஆபீஸ் பெண் சொன்னாள், நான் சொன்னேன். ஆனால் என் அக்கா கெட்டவள் இல்லை. அந்தக் கண் போகும் என்று ஒத்துக்கொள்ள அவள் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். அதை நெட்டை என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள்.

பிறகு நெட்டைக்கு இருந்த அந்த ஆவியும் போய் முழுக்க இருட்டாகிவிட்டது. அக்காவே எல்லாம் செய்தாள். குளிக்க வெந்நீர், தட்டில் சாப்பாடு, கைபிடித்து மாடிப்படி. கண் போனவளை விட்டுவிட்டுக் கண் இருக்கிறவள் முதலில் போவாள் என்று யார் நினைத்தது? அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அப்படி அவர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

கட்டிலின் தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். கால்மாட்டில் நெட்டை, அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு. அக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னாள், "ஒரு வருஷம் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்டி. இன்னும் நல்லா பாத்திருப்பா. நான்தான் கெடுத்தேன்."

நான் நெட்டையைப் பார்த்தேன். அவள் பாதத்தை விடாமல் சொன்னாள்.

"இதுக்கு மேல எப்படி அண்ணி பாக்கறது? அது இமை முடி வரைக்கும் பாத்தேன். எவ்வளவு நீளம்! மை போட்ட மாதிரி. நீங்க என் முகத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க. நீங்கதான் சரியா பாக்கல."

அக்கா சிரித்தாள். "போடி நெட்டை" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அக்காவை எடுத்துப் போன பிறகு அந்த வீட்டில், உறவுக்காரர்கள் யார் கண்ணும் யார் மேலும் படாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண் தெரியாத ஒரு முழு நீளப் பெண்ணை யார் கூட்டிப் போவது? நான் அவள் பையை எடுத்துக்கொண்டேன். "அக்காவோட நாத்தனார் உங்களுக்கு என்ன முறை?" என்று என் மருமகள் கேட்டாள். தப்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். எட்டுத் தலைமுறை உறவை விரல் விட்டுச் சொல்கிற எனக்கு அதற்கு ஒரு பெயர் சொல்லத் தெரியவில்லை. "மடிக்க ஆள் வேணும்ல" என்று சொல்லி வைத்தேன்.

துவைத்த விரிப்பு வந்தால் நானும் அவளும்தான் மடிக்கிறோம். அவள் விரலால் தடவிப் பார்த்து அகலத் தையலை என் கையில் கொடுக்கிறாள். எனக்கு நடை தளர்ந்துவிட்டது, மெதுவாகத்தான் போகிறேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இப்போது நெட்டை எங்கள் வீட்டில், வாசலை ஒட்டிய அறையில் இருக்கிறாள். கட்டில் அவள் நீளத்துக்குப் போதவில்லை. கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம்.